குழாயில் அடைத்த தோல்

அக்ரிலிக்கில் முகம் வரையக் கற்றுத்தரும் வகுப்புகளும் வீடியோக்களும் இப்போது பெரும்பாலும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. செல்போனில் ஒரு படம், அதன்மேல் கட்டம், கேன்வாஸிலும் அதே கட்டம், பென்சில் கோடு. அப்புறம் டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஆக்கர், துளி சிவப்பு. மூன்றையும் குழைத்தால் 'ஸ்கின் கலர்' தயார். குழைக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு அதையே குழாயில் அடைத்தும் விற்கிறார்கள். தொடங்குகிறவருக்கு இது போதும், கண் பிறகு தானாகப் பழகிக்கொள்ளும் என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் உண்டு.

நல்லது எதுவும் இல்லை என்று சொல்ல முடியாது. அக்ரிலிக்குக்குத் தண்ணீர் போதும். டர்பன்டைன் நெடி கிடையாது. மெல்லிய பூச்சு நம் வெயிலில் நிமிடங்களில் காய்ந்துவிடும், தவறின்மேல் உடனே பூசலாம். டேவிட் ஹாக்னி 1970-71இல் வரைந்த கிளார்க் தம்பதியர் படம் அக்ரிலிக்தான். அதில் கணவரின் தலையை மட்டும் அவர் திரும்பத் திரும்ப மாற்றி வரைந்தார். கட்டம் போடுவதும் பாவமில்லை. மூக்கு இடம்மாறாமல் காக்கிறது.

சிக்கல் அந்த வெள்ளையில் இருக்கிறது.

புதுச்சேரியின் வீராம்பட்டினம் கடற்கரையில் காலை பத்து மணிக்கு வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் ஒருவரின் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தால் தெரியும். நெற்றியில் மின்னுவது வெள்ளை அல்ல, வானத்தின் நீலம். தாடைக்கு அடியில், நிழலாக இருக்கவேண்டிய இடத்தில், மணல் திருப்பி அனுப்பிய செம்மஞ்சள் ஒளி. கண்குழியில் ஊதா கலந்த கருமை. காது மடலில் வெயில் ஊடுருவி ஒரு சிவப்பு. இந்த முகம் முழுவதற்கும் வெள்ளை கடுகளவு போதும். மற்றதெல்லாம் பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரின் நீலம். ஆனால் குழாயோடு வந்தவர் இதைத் தலைகீழாகச் செய்கிறார். வெளுத்த பிசைவில் தொடங்கி, அதில் கறுப்பைக் கலந்து மாநிறத்துக்கு இறக்கப் பார்க்கிறார். வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தால் சாம்பல்தான் வரும். கேன்வாஸில் கடைசியில் உட்கார்ந்திருப்பது மனிதர் அல்ல, உப்புப் பூத்த கருவாடு.

அக்ரிலிக்கின் இயல்பு இதை இன்னும் கெடுக்கிறது. ஈரத்தில் பால்போல் இருக்கும் அதன் பசை, காய்ந்ததும் கண்ணாடிபோல் தெளிந்துவிடும். நிறம் ஒருபடி கறுக்கும். அது பசையின் குணம் என்று யாரும் சொல்லித்தராததால் மாணவர் பயந்துபோய் அடுத்த பூச்சில் இன்னும் வெள்ளையைச் சேர்க்கிறார். பார்த்து வரையும் செல்போன் படமோ முகத்தை வழவழப்பாக்கி வெளிறவைக்கும் வசதியோடு எடுத்ததாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கேமரா ஒருமுறை, குழாய் ஒருமுறை, பயம் ஒருமுறை என்று மூன்று முறை வெளுத்தாகிறது.

பிறகு திருத்திக்கொள்ளலாம் என்ற வாதம் அதனால்தான் நிற்காது. முதல் பூச்சோடு ஒப்பிட்டுத்தான் கண் அடுத்த நிறத்தை முடிவுசெய்கிறது. அடித்தளம் வெளுப்பாக இருந்தால் சரியான மாநிறம்கூட அழுக்காகத் தெரியும்; கை தானாக அதைத் துடைத்துவிடும். ஒரு முறை பழகிய கை பத்து வருஷம் ஆனாலும் மாறுவது கஷ்டம். கல்யாண விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' தேடும் சமூகத்தில் இது வெறும் கைப்பழக்கமும் அல்ல. கிரயோலா நிறுவனம் 1962இலேயே தன் 'ஃபிளெஷ்' கிரயானுக்குப் 'பீச்' என்று பெயரை மாற்றியது. ஃபேர் அண்ட் லவ்லிகூட 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. ஓவிய வகுப்பில் மட்டும் 'ஸ்கின் கலர்' கூச்சமில்லாமல் புழங்குகிறது.

சாயல் நிறத்தில் இல்லை என்பதற்குச் சாட்சி வீராம்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. அரிக்கமேட்டில் கிடைத்த செதுக்குமணி ஒன்றில் இருந்த தலையை ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்றார் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ரேய். அவர் சொன்னது சரியோ தவறோ, ஒரு ஆளின் முகம் என்று அடையாளம் காண வெறும் குழிவும் மேடும் போதுமாக இருந்தன. அதாவது ஒளியும் நிழலும். அதைப் பிடிக்காமல் நிறத்தில் தொடங்குவது சுவர் எழும்புமுன் சுண்ணாம்பு அடிப்பது.

கறுப்பை வரையமுடியாது என்பதும் சாக்கு. 2021இல் மறைந்த ஓவியர் இளையராஜா எண்ணெய் வண்ணத்தில் வரைந்த கிராமத்துப் பெண்களின் மாநிறம் வீட்டுக்குள் விழும் வெளிச்சத்தில் தானே ஒளிர்கிறது. அமெரிக்கரான கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் ஐவரி, கார்பன், மார்ஸ் என்று மூன்று கறுப்புகளை வைத்துக்கொண்டு, நீலமும் பச்சையும் ஊதாவும் கலந்து, கறுப்புத் தோலுக்குள்ளேயே வெம்மையும் குளிர்ச்சியும் கொண்டுவந்தார். அவருடைய 'பாஸ்ட் டைம்ஸ்' 1997இல் அக்ரிலிக்கில் வரைந்தது, 2018இல் 2.11 கோடி டாலருக்கு ஏலம் போனது.

தொடங்க வழி எளிதுதான். வெள்ளைக் கேன்வாஸை முதலில் நீர்த்த பர்ன்ட் சியன்னாவால் மூடவேண்டும். அகலமான பிரஷ்ஷால், அம்பரும் அல்ட்ராமரினும் கலந்து நிழல்களை மட்டும் மூன்று நான்கு திட்டுகளாக வைக்கவேண்டும். வெளிச்சத்துக்கு ஆக்கரும் ஆரஞ்சும். வெள்ளைக் குழாயின் மூடியைக் கடைசி அரைமணி நேரம்வரை திறக்கக்கூடாது.

மாடலுக்கும் பஞ்சமில்லை. ஓவியம் சொல்லித்தரும் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கும் அரியாங்குப்பத்துக்குப் பக்கத்து ஊர்தான் வீராம்பட்டினம். செல்போனைப் பையில் வைத்துவிட்டு, கேட்டு அனுமதி வாங்கி, ஒரு மணிநேரம் எதிரே உட்கார்ந்து வரையலாம். அடுத்தமுறை வண்ணம் வாங்கப் போகிறவர்கள் 'ஸ்கின் கலர்' குழாயைக் கடையிலேயே விட்டுவிட்டு, அந்தக் காசுக்கு இன்னொரு பர்ன்ட் அம்பர் வாங்கட்டும்.