கூட்டக் குறிப்பும் மக்கள் குரலும்: வட்டார வரலாற்றாய்வில் ஒரு சிக்கல்

அமெரிக்க நகரம் ஒன்றில் சமூக மேம்பாட்டு மானியம் செலவிடப்பட்ட வரலாற்றை ஆராய்வோருக்கு முதலில் கிடைப்பவை நகராட்சிக் கோப்புகளே. விண்ணப்பம், விசாரணை அறிவிப்பு, கூட்டக் குறிப்பு ஆகியவற்றைக் கண்டதும், மக்கள் பங்கேற்றனர் என்னும் முடிவுக்கு ஆய்வாளர் எளிதில் வந்துவிடுகிறார். அம்முடிவு மறுஆய்வுக்குரியது.

1964ஆம் ஆண்டுப் பொருளாதார வாய்ப்புச் சட்டம், ஏழை மக்களின் பங்கேற்பை இயன்ற அளவு முழுமையாகக் கோரியது. 1974 ஆகஸ்டில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு ஒப்பமிட்ட வீடமைப்பு, சமூக மேம்பாட்டுச் சட்டமோ, நகர்ப் புதுப்பிப்பு, மாதிரி நகரங்கள் முதலான திட்டங்களை ஒரே தொகுப்பு மானியமாக இணைத்தது. மக்களுக்குத் தகவல் அளித்தலும் பொது விசாரணை நடத்தலும் கட்டாயமாயின. ஆயினும், விண்ணப்பத்தை உருவாக்கும் பொறுப்பும் அதிகாரமும் விண்ணப்பிக்கும் அமைப்பிடமே இருக்கும் என அதே பிரிவு உறுதி செய்தது. எனவே, கூட்டக் குறிப்பு என்பது சட்டம் நிறைவேற்றப்பட்டதற்கான சான்று. மக்கள் சொல் ஏற்கப்பட்டதற்கான சான்றன்று.

இவ்வேறுபாட்டை ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969லேயே எடுத்துரைத்தார். பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக உருவகித்த அவர், கலந்தாலோசனையை நான்காம் படியில் வைத்து, அதனைப் பெயரளவிலான பங்கேற்பு என்றே வகைப்படுத்தினார். இவ்வேணி பயனுடையது, ஆனால் ஒரு நகருக்கு ஒரு படியைச் சுட்டி அமைவது வரலாறாகாது. ஒரே நகரில் ஒரு குடியிருப்பின் குரல் எடுபட்டிருக்கலாம். அடுத்த தெருவின் குரல் எடுபடாது போயிருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு அந்நிலை மாறியுமிருக்கலாம்.

இதனை அறிய எளிய வழி ஒன்றுண்டு. விசாரணைக்கு முன் இருந்த திட்டப் பட்டியலையும் பின்னர் மன்றம் ஏற்ற பட்டியலையும் ஒப்பிட வேண்டும். எது சேர்ந்தது, எது நீங்கியது, பணம் இறுதியில் எத்தெருவுக்குச் சென்றது என்பவற்றைச் செலவுக் கணக்கோடு பொருத்திக் காண வேண்டும். அதன்பின், அக்கூட்டங்களுக்குச் சென்றோரையும் செல்லாதோரையும் நேரில் கண்டு கேட்க வேண்டும். வராதவரின் மௌனத்தை இசைவெனக் கொள்வது பெரும்பிழை. பயனில்லை என்று கண்டே பலர் வராதிருந்திருக்கலாம்.

1974இல் இளைஞராய் இருந்தோர் இன்று முதுமையில் உள்ளனர். கோப்புகள் காத்திருக்கும், அவர்களின் நினைவுகள் காத்திரா. வட்டார வரலாறு எழுத முனையும் நம் மாணவர்கள், எவ்வூரை ஆராயினும், இவ்வரிசையை மனங்கொள்ளுதல் நலம்.