ட்ரிக்கிக்கு நடந்த வைத்தியம் என்ன?

சி.பி.எஸ்.இ.யில் பத்தாவது படிச்சவங்களுக்கு ட்ரிக்கியைத் தெரிஞ்சிருக்கும். ஆங்கிலத் துணைப்பாட நூலின் முதல் கதை, ஜேம்ஸ் ஹெரியட் எழுதிய 'எ ட்ரயம்ஃப் ஆஃப் சர்ஜரி'. ஹெரியட் என்பது யார்க்‌ஷயரில் கால்நடை மருத்துவராக இருந்த ஆல்ஃப் வைட்டின் புனைபெயர். 1972இல் வந்த 'ஆல் கிரீச்சர்ஸ் கிரேட் அண்ட் ஸ்மால்' தொகுப்பில் இந்தப் பகுதி இருக்கு. பள்ளிக்கூடத்துல ஒரு பணக்கார அம்மாவைப் பற்றிய நகைச்சுவையாகத்தான் இதைப் படிச்சோம். இன்டர்ன்ஷிப் முடிச்சிட்டுத் திரும்பப் படிச்சா, சிரிப்பு பாதியில நின்னுடுது.

கதை சின்னது. திருமதி பம்ஃப்ரி தன் பெக்கிங்கீஸ் நாய்க்கு ஊட்டி ஊட்டி அதை உருண்டை ஆக்கிடறாங்க. சாப்பாட்டைக் குறைங்க, ஓட விடுங்கன்னு ஹெரியட் ஏற்கெனவே கண்டிப்பாகச் சொல்லியிருக்கார். ஆனா நாய் சோர்வாக இருக்கேன்னு அந்த அம்மா மால்ட், மீன் எண்ணெய், ராத்திரி ஒரு கிண்ணம் ஹார்லிக்ஸ்னு கூட்டிக்கிட்டே போறாங்க. கடைசியில ஹெரியட் நாயைத் தன் இடத்துக்குத் தூக்கிட்டு வந்து, ரெண்டு நாள் வெறும் தண்ணி கொடுத்து, மத்த நாய்களோட ஓட விடறார். மருந்தே இல்லை. இரண்டு வாரத்துல ட்ரிக்கி துள்ளிக் குதிக்குது.

நலன் பற்றிய பாடமாக இது அசத்தலான கேஸ். 1965இல் பிரிட்டனில் வந்த பிராம்பெல் அறிக்கையில் வேர்விட்டு, 1979இல் வடிவம் பெற்ற ஐந்து சுதந்திரங்களை வகுப்புல மனப்பாடம் பண்றோம். பண்ணை விலங்குகளை மனசுல வெச்சு எழுதினது அது. பசி இல்லாமை, வசதி, நோயிலிருந்து காப்பு எல்லாம் ட்ரிக்கிக்குத் தேவைக்கு மேலேயே கிடைச்சிருக்கு. கிடைக்காதது ஒண்ணுதான்: நாயாக இருக்கிற சுதந்திரம். அதைத்தான் ஹெரியட்டின் முற்றம் கொடுத்தது. எந்தப் பாடநூலும் இதை இவ்வளவு தெளிவா காட்டலை.

இனி குறைகள். முதலாவது, மருத்துவக் குறை. இதே வைத்தியத்தை ஒரு குண்டுப் பூனைக்குப் பண்ணினா அது செத்தே போகலாம். பட்டினி கிடக்கிற பருத்த பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்துடும். இந்தக் கதையில ஹெரியட் பூனையைப் பற்றி எழுதலை, அது அவர் தப்பில்லை. ஆனா 'பட்டினி போடு, சரியாயிடும்' என்கிற கதை வாசகர் மனசுல தங்கிடுது.

இரண்டாவதுதான் பெரிசு. வைத்தியம் நடக்கும்போது அந்த அம்மா முட்டை, ஒயின், பிராந்தின்னு நாய்க்காக அனுப்பிக்கிட்டே இருக்காங்க. டாக்டர்கள் அதைச் சாப்பிட்டுச் சந்தோஷமா இருக்காங்க. நாயை இங்கேயே வெச்சுக்கலாமான்னுகூட ஹெரியட்டுக்குத் தோணுது. கடைசியில அவங்க வந்து, கண்ணீரோட, இது அறுவை சிகிச்சையின் வெற்றின்னு சொல்றாங்க. அங்கே கதை முடியுது. "அம்மா, ஆபரேஷனே நடக்கலை, உங்க கிண்ணம்தான் நோய்"னு யாரும் சொல்லலை. ட்ரிக்கி அதே சமையலறைக்குத் திரும்பிப் போகுது. நகைச்சுவைக்கு இது கச்சிதமான முடிவு. டிஸ்சார்ஜ் பண்ற டாக்டருக்கு இது தோல்வி.

இதை எழுத எனக்குத் தகுதி இருக்கான்னு கேட்டா, நானும் அதையேதான் பண்ணினேன். இன்டர்ன்ஷிப்ல, ஒரு மே மாசம், பதினாலு கிலோ பக் ஒண்ணு மூச்சு முட்டி வந்துச்சு. பாதி எடைதான் இருந்திருக்கணும். உடம்பைக் குளிர வெச்சு, ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாத்தினோம். "என்னம்மா சாப்பிடறான்?"னு கேட்டேன். "ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கறான் டாக்டர். ரெண்டு வேளை பால் சாதம். பேரன் கையால மாரி பிஸ்கட், அவ்ளோதான்." "எடையைக் குறைங்கம்மா"ன்னேன். "சரிங்க டாக்டர்"னாங்க. லாக் புக்ல கேஸை எழுதி, சார்கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். அடுத்த மாசம் பையன் பதினஞ்சு கிலோவுல வந்தான்.

கால்நடை மருத்துவக் கவுன்சிலின் 2016 விதிமுறைப்படி ஐந்தரை வருஷப் படிப்புல ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப். நான் நிரப்பின லாக் புக்ல ஊசி, டிரிப், கருத்தடை எல்லாத்துக்கும் கட்டம் இருந்துச்சு. வளர்க்கிறவங்ககிட்ட பேசினதுக்குக் கட்டம் இல்லை. வெளியே வரிசை நிக்கும்போது, கட்டம் இல்லாத வேலை முதல்ல போயிடும்.

அது சும்மா பேச்சுன்னு நினைக்க வேண்டாம். 48 லாப்ரடார்களை வெச்சு நடந்த, 2002இல் வெளியான ஆய்வில், ஜோடி நாயைவிட 25 சதவீதம் குறைச்சுச் சாப்பிட்டவை இடைநிலைக் கணக்கில் 1.8 வருஷம் கூட வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போச்சு. நாங்க போட்ட எந்த ஊசி அவ்வளவு கொடுத்திருக்கும்? ஆனா "எடையைக் குறைங்க" என்கிறது சிகிச்சை இல்லை. விலா எலும்பை அவங்க கையாலேயே தொட்டுப் பார்க்க வைக்கணும், ஒரு நாளைக்கு எத்தனை கிராம்னு எழுதிக் கொடுக்கணும், வீட்டுல யார் யார் ஊட்டறாங்கன்னு கேட்கணும், மறுபடி எடை பார்க்கத் தேதி சொல்லணும். பேரனையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கணும்.

கதையைப் பள்ளியிலிருந்து எடுக்கச் சொல்லலை. இன்டர்ன்ஷிப் முதல் வாரத்துல இன்னொரு தடவை படிக்கக் கொடுக்கணும். படிச்சிட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லணும்: கார் கதவு மூடறதுக்கு முன்னாடி, பம்ஃப்ரி அம்மாகிட்ட ஹெரியட் பேசியிருக்க வேண்டிய அஞ்சு நிமிஷம்.