மளிகைக்கு நடுவே ஒரு மேசை

மீனாட்சிபுரம் போன்ற பாலக்காட்டு எல்லை ஊர்களுக்குப் பலசரக்குக் கடையை ஒட்டிய தேநீர்க் கடை புதிதன்று. எனினும் பாலக்காட்டுத் தமிழர் பலர் பிழைப்புத் தேடிக் குடியேறிய மும்பை மாட்டுங்காவில் அதே அமைப்பு ஈரானியர் கையில் தனிச்சுவை பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஈரானின் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து வந்த ஜொராஸ்திரியர், அதாவது நெருப்பைப் புனிதமாகப் போற்றும் சமயத்தார், தெருமுனைகளில் கடை திறந்து, ஒருபுறம் சோப்பும் பிஸ்கட்டும் விற்று, மறுபுறம் பளிங்கு மேசைகளில் தேநீர் பரிமாறினர். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளின் கூலார் அண்ட் கோ இம்மரபைச் சேர்ந்தது.

இக்கடைகளில் சிறப்பானது புருன் மஸ்கா. புருன் என்பது மேலோடு முறுகிய ரொட்டி, மஸ்கா என்பது வெண்ணெய். துண்டைத் தேநீரில் தோய்க்கையில் ஓடு இளகி, வெண்ணெய் உருகிப் பொன்துளிகளாக மிதக்க, உப்பும் இனிப்பும் ஒரே வாயில் சேர்கின்றன. உண்மையில் இந்த ரொட்டி பாரசீகத்தைவிட மும்பைக்கே நெருக்கமானது. பாரசீகச் சமையலை நேராக நினைவூட்டுவது, மும்பையின் பல்லார்ட் எஸ்டேட்டில் 1923இல் தொடங்கிய பிரிட்டானியா உணவகத்தின் பெர்ரி புலாவ்: செரெஷ்க் எனப்படும் சிவந்த உலர்கனி சோற்றின் மேல் தூவப்படுகிறது, அதன் கூரிய புளிப்பு இறைச்சியின் கொழுப்பைத் தணித்து, அடுத்த கவளத்துக்கு நாவை ஆயத்தப்படுத்துகிறது.