மச்சாதோவின் தீர்ப்பும் எசாவின் நாவலும்

1822ஆம் ஆண்டிற் பிறேசில் போர்த்துக்கலின் ஆட்சியினின்று நீங்கித் தனிநாடாயிற்று. ஆட்சித் தொடர்பு அற்றதாயினும் மொழித்தொடர்பு அற்றிலது. லிஸ்பன் நகரத்து எழுத்தாளரின் நூல்களை றியோ டி ஜனேரோ நகரத்தார் தம்மொழி நூல்களாகவே கற்றுவந்தனர். எனினும், கற்றல் வேறு. தீர்ப்புக் கூறல் வேறு. முன்னாட் குடியேற்ற நாட்டார் ஒருவர் போர்த்துக்கலின் சிறந்த நாவலாசிரியரை எடைபோடல் கூடுமோ என்னும் வினாவுக்கு 1878இல் விடை கிடைத்தது.

அவ்வாண்டிலே எசா டி கெய்ரோஸ் ‘மைத்துனன் பசீலியோ’ என்னும் நாவலை வெளியிட்டார். கணவன் தொழில்நிமித்தம் வெளியூர் சென்றிருக்க, பிறேசிலிற் பொருளீட்டி மீண்ட முன்னைக் காதலன் பசீலியோவிடம் லூயிசா மனம் இழக்கின்றாள். அவளுடைய கடிதங்களைக் கவர்ந்த பணிப்பெண் ஜூலியானா, அவற்றைக் காட்டி அச்சுறுத்துகின்றாள். அச்சத்தாலும் அவமானத்தாலும் நலிந்த லூயிசா ஈற்றில் இறந்துபடுகின்றாள்.

றியோவில் வெளிவந்த ‘ஓ குறுசேய்ரோ’ இதழில், அவ்வாண்டு ஏப்பிரல் மாதத்தில், மச்சாதோ டி அசீஸ் இந்நாவலை இரு கட்டுரைகளால் ஆராய்ந்தார். பிறேசிலிலே பிறந்த இவருடைய தாய் போர்த்துக்கலுக்குரிய அசோர்ஸ் தீவினள். போர்த்துக்கலிலே பிறந்த எசாவின் தந்தையோ றியோவிற் பிறந்தவர். இரு நாட்டுறவும் இருவர் குடும்பங்களிலும் ஊடுருவி நின்றமை காண்க.

மச்சாதோ கூறிய குறைகளுள் தலையாயவை இரண்டு. லூயிசா தனக்கென உள்ளமில்லாப் பாவை என்பது ஒன்று. கடிதங்கள் பணிப்பெண்ணின் கையிற் சிக்காதிருப்பின் பசீலியோ சலித்து நீங்குவான், கணவன் மீள்வான், கதையும் அங்கேயே முடியும் என்பது மற்றொன்று. ஒதெல்லோ நாடகத்திற் கைக்குட்டை வெறுங் கருவியே. நாடகம் நிகழ்வது மாந்தரின் உள்ளத்திலே என அவர் எடுத்துக்காட்டினார்.

முதற் குறை மறுத்தற்கரியது. லூயிசா தவறு செய்தபோதும் வருந்தியபோதும் பிறர் இழுத்த வழியே செல்கின்றாள். இரண்டாவது குறையோ முற்றும் பொருந்துவதன்று. ஜூலியானா இருபது ஆண்டுகள் பிறர்க்கு ஏவல்செய்து நைந்தவள். சிறு கடையொன்று வைத்து வாழ விழைந்து, அவ்விழைவு கைகூடாது வெம்பியவள். அவள் கடிதங்களைக் கவர்ந்தது தற்செயலன்று. நெடுநாட் காத்திருந்த உள்ளத்தின் செயல். இயாகோவின் வஞ்சத்தினின்று கைக்குட்டையின் கதை பிறந்தவாறே, இவளுடைய வஞ்சத்தினின்று கடிதங்களின் கதை பிறக்கின்றது. நூலில் முழுமை பெற்ற பாத்திரம் ஜூலியானாவே என்பதை மச்சாதோவும் ஒப்புக்கொண்டார். அவ்வாறு ஒப்புக்கொண்டவர் தாம் வகுத்த அளவுகோலை அவள்மீது வைத்துப் பார்த்திலர். லூயிசாவையே தலைவியெனக் கொண்டமையால் இவ்வழு நேர்ந்ததெனலாம்.

இங்கிலாந்தில் கொன்சலாகப் பணியாற்றிய எசா, அக்கட்டுரை தம் நெறிக்கு மாறாயிருந்தும், மச்சாதோவுக்கு நன்றி பாராட்டி அவ்வாண்டிலேயே மடல் வரைந்தார். 1880 முதல் றியோவின் ‘கசெற்றா டி நொற்றீசியாஸ்’ இதழுக்கும் எழுதலானார். இகழ்ச்சியென எண்ணி அவர் பிறேசில் வாசகரை விட்டு விலகினாரல்லர்.

மச்சாதோவும் பிறரை அளந்த கோலால் தம்மை அளந்துகொண்டார். 1899இல் அச்சான அவருடைய ‘டொம் கஸ்முறோ’ நாவலிலும் கற்பு ஐயுறப்படுகின்றது. ஆயின், அங்கே திருடப்பட்ட கடிதமுமில்லை, மிரட்டும் பணிப்பெண்ணுமில்லை. மனைவியை ஐயுறும் கணவன் உள்ளமே கதையாகின்றது. அவன் ஒதெல்லோ நாடகத்தைக் காணச் செல்லுதலும் அதன்கண் உண்டு. இருபத்தோராண்டுக்கு முன் திறனாய்வாகக் கூறியதை மச்சாதோ இங்கே படைப்பாக நிறுவிக்காட்டினார்.

ஒருமொழி பேசும் இரு நாடுகளிடையே புகழுரைகள் மட்டும் சென்றுவரின் உறவு வளராது. குறைகூறும் உரிமையும் அதனைப் பொறுத்துக் கேட்கும் பண்பும் ஒருங்கே அமைதல் வேண்டும். அவ்விரண்டும் அமைந்தமையாலேயே 1878ஆம் ஆண்டின் அவ்வாதம் இரு நாட்டிலக்கியத்துக்கும் ஆக்கமாயிற்று.