மறைக்கல்விப் பாடங்களில் கலைச்சொல் மாற்றம்: ஒரு திறனாய்வு

1. முன்னுரை

உயர்நிலைப் பள்ளி மாணவர்க்குரிய கத்தோலிக்க மறைக்கல்வி பொதுவாக நம்பிக்கை, வழிபாடு, ஒழுக்கம் என்னும் முப்பிரிவில் அமைகிறது. இம்மூன்றையும் தமிழில் கற்பிக்கும்போது எழும் சிக்கல் சமயவியலார்க்கு மட்டும் உரியதன்று; மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருதத்தக்கது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக உருவாகிவந்த சொற்றொகுதி ஒன்று, ஒரு தலைமுறைக் காலத்துள் பெரும்பகுதி மாற்றப்பட்டது. அம்மாற்றத்தால் மாணவர் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. சொற்றொகுதியின் மூன்று அடுக்குகள்

தமிழ் மறைக்கல்வியின் சொற்களை மூன்று அடுக்குகளாகப் பகுக்கலாம். முதலாவது, போர்ச்சுக்கீசியக் கடன்சொல் அடுக்கு. 1554இல் லிசுபனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் சிறுநூலும், அண்டிரிக் அடிகளார் உழைப்பில் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கமும், 1579இல் கொச்சியில் வெளிவந்த கிரீசித்தியானி வணக்கமும் இதன் தொடக்கங்கள். தூய ஆவியை ‘இசுபிரீத்து சாந்து’ என்றே நெடுங்காலம் வழங்கியது இவ்வடுக்கின் எச்சமாகும். தமிழ் அச்சின் முதல் நூல்களே மறைக்கல்வி நூல்கள் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இரண்டாவது, 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகராகிய இராபர்ட் தெ நொபிலியின் பணியோடு வலுப்பெற்ற வடசொல் அடுக்கு. விசுவாசம், ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் போன்றவை இத்தன்மையன. மூன்றாவது, இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) தாய்மொழி வழிபாட்டிற்கு இடமளித்த பின்னர்ப் பரவிய தமிழ்ச்சொல் அடுக்கு. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இதனை நிலைபெறச் செய்தது.

3. நம்பிக்கை

முந்தைய வழக்கில் தலையாய மூன்று நற்பண்புகள் ‘விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்’ எனப்பட்டன. இன்று அவை ‘நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு’ எனப்படுகின்றன. இங்கு நிகழ்ந்தது வெறும் சொல் மாற்றமன்று, இட மாற்றம். இரண்டாம் பண்பைக் குறித்த ‘நம்பிக்கை’ முதற்பண்பின் பெயராயிற்று. எனவே, பாட்டி சொல்லும் பழைய செபத்திலுள்ள ‘நம்பிக்கை’யும் பேரன் பாடநூலில் படிக்கும் ‘நம்பிக்கை’யும் ஒரே சொல்லாயினும் ஒரே பொருளுடையன அல்ல. முற்றிலும் புதிய சொல் வந்தால் மாணவர் பொருள் கேட்பர். பழகிய சொல் இடம் மாறி வந்தால் கேட்கவே தோன்றாது.

எனினும் இம்மாற்றத்திற்குக் காரணம் உண்டு. பொதுவழக்கில் ‘விசுவாசம்’ என்பது தலைவன்பால் காட்டும் நன்றியுணர்வு என்னும் பொருளில் சுருங்கிவிட்டது. இறைவனை ஏற்று அவனிடம் தன்னை ஒப்படைக்கும் செயலை அச்சொல் இளையோர்க்கு இன்று உணர்த்துவது அரிது.

4. வழிபாடு

வழிபாட்டுச் சொற்களில் ‘தேவதிரவிய அனுமானம்’ ‘அருட்சாதனம்’ ஆனது தனித்து நோக்கத்தக்கது. பழைய தொடர் மாணவர்க்கு இருள் நிறைந்தது. திரவியத்தைத் திரவமாகவும் அனுமானத்தை ஊகமாகவும் அவர் கொள்ளக்கூடும். புதிய சொல் எளிது. ஆயினும் மின்சாதனம், தகவல் சாதனம் என்பவற்றோடு பழகியவர்க்கு அது கருவி என்னும் பொருளையே முதலில் தரும்.

திருச்சபைக் கோட்பாட்டின்படி இச்சடங்குகள் அருளின் அடையாளங்கள். அவ்வருளைத் தரவும் வல்லவை. அளவை நூலில் அனுமானம் என்பது புகை கண்டு தீயை அறிவதுபோல, அடையாளத்தால் மறைபொருளை உணர்வது. பழைய சொல்லில் அடையாளம் என்னும் கூறும், புதிய சொல்லில் அருளைத் தரும் வழி என்னும் கூறும் மேலோங்குகின்றன எனக் கொள்ள இடமுண்டு. இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பித்தால் கோட்பாடு முழுமையாக விளங்கும்.

‘பாவசங்கீர்த்தனம்’ ‘ஒப்புரவு’ ஆனதும் இத்தகையதே. முன்னது பாவத்தை எடுத்துரைத்தலையும், பின்னது உறவு சீராதலையும் முன்னிறுத்துகின்றன. ஆனால் அதே மாணவர் தமிழ் வகுப்பில் திருக்குறளின் 22ஆம் அதிகாரமான ஒப்புரவறிதலைப் படிக்கும்போது, அச்சொல் ஊருக்கு உதவி வாழ்தலைக் குறிக்கிறது. இரு வகுப்பும் ஒன்றையொன்று அறியாதிருப்பது ஒரு குறையே.

5. ஒழுக்கம்

ஒழுக்கப் பகுதியில்தான் சொற்பொருள் மாற்றம் மிகுந்த இடர் தருகிறது. ‘பத்துக் கற்பனைகள்’ என்பதில் கற்பனை கட்டளையைக் குறித்தது. இன்றைய மாணவர்க்கு அது புனைவு. ‘உத்தம மனஸ்தாபம்’ முழுமையான மனத்துயரைக் குறித்தது. இன்று மனஸ்தாபம் என்பது இருவர்க்கிடையே நேரும் பிணக்கு. ‘விசுவாச முயற்சி’ என்பதில் முயற்சி செயலைக் குறித்தது. இன்றோ அது நம்ப முயல்வதாகத் தோன்றும். இவற்றுள் ‘கற்பனை’க்குக் ‘கட்டளை’ என வந்தது தெளிவான ஆதாயம். இதில் ஐயத்திற்கு இடமில்லை.

வினைவடிவமும் கருதத்தக்கது. பழைய கட்டளைகள் ‘இருப்பாயாக’ என்னும் வியங்கோள் வாய்பாட்டில் அமைந்தன; புதியவை பெரிதும் ‘செய்யாதே’ என்னும் எதிர்மறை ஏவலாக உள்ளன. வியங்கோள் ஏவலுக்கும் வாழ்த்துக்கும் பொதுவான வடிவம். கட்டளை ஒருவகையில் வாழ்த்துமாகும் என்னும் குறிப்பு அதில் இருந்தது. ஏவலில் தெளிவு மிகுந்தது, அக்குறிப்பு மறைந்தது. பதினான்கு, பதினைந்து வயதினர் தடைமொழியை எவ்வாறு எதிர்கொள்வர் என்பதை ஆசிரியர் நன்கறிவர். ஆதலின் இவ்விழப்பு இலக்கண இழப்பு மட்டுமன்று.

6. மதிப்பீடும் முடிவும்

பழைய சொற்களின் அருமை அவற்றின் விளங்காமையிலேயே உள்ளது என்பாரும் உளர். வழிபாட்டில் அக்கருத்துக்கு ஓரளவு இடம் தரலாம். ஆனால் கற்பித்தலில் விளங்காமை அருமையன்று. அது மனப்பாடத்திற்கே வழிவகுக்கும். தமிழ்ச்சொல் ஆக்கம் தேவையானது, பெரும்பாலும் வெற்றி பெற்றது என்பதே நம் முடிபு. குறை சொற்களில் இல்லை. மாற்றத்தை மாணவர்க்குச் சொல்லாது விடுவதில் உள்ளது.

எனவே ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் பழைய வழக்கையும் புதிய வழக்கையும் இணைத்து, பொருள் வேறுபாட்டை ஓரிரு தொடர்களில் விளக்கும் சொற்குறிப்பு இடம்பெறுதல் வேண்டும். மொழிபெயர்ப்பாளர் புதுச்சொல் ஆக்கும்போது, அச்சொல் முன்னரே வேறொரு பணியில் அமர்ந்துள்ளதா என ஆராய்தலும் வேண்டும். ஒரே வீட்டில் ஒரே மறையைப் பின்பற்றும் இரு தலைமுறையினர் ஒருவர் செபத்தை மற்றவர் அறியாதிருத்தல் ஆகாது. அதனைத் தவிர்ப்பதற்குப் பெரும் செலவு வேண்டுவதில்லை. பாடநூலில் அரைப்பக்கம் போதும்.