கிணற்றடியில் கேட்காத கேள்வி

பாளையங்கோட்டைச் சபையின் 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் குளோரிந்தா. திருநெல்வேலித் திருச்சபை ஒரு பெண்ணின் பெயரில் தொடங்குகிறது என்று நம்மூரில் பெருமையாகச் சொல்வார்கள். நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெருமையை ஒருநாள் வகுப்பில் ஒரு மாணவி கலைத்துப் போட்டாள்.

அன்று அ. மாதவையாவின் ‘கிளாரிந்தா’ பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். 1915இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய வரலாற்று நாவல் அது. பின்னால் தமிழிலும் வந்தது. தஞ்சாவூரில் ஒரு மராத்தியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அவளைச் சிதையிலிருந்து மீட்கிறான். அவனோடு வாழ்கிறாள், அவனிடமே கிறிஸ்தவ போதனையையும் கற்றுக்கொள்கிறாள். ஞானஸ்நானம் கேட்கிறாள். திருமணமாகாமல் ஓர் ஆணோடு வாழ்கிறவளுக்குத் தர முடியாது என்று சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிடுகிறார். அதிகாரி இறந்தபிறகுதான், 1778இல், பாளையங்கோட்டையில் அவளுக்கு அது கிடைக்கிறது. சிதையிலிருந்து மீட்ட கதை வாய்வழியாக வந்தது. மறுப்போ சுவார்ட்ஸே எழுதிவைத்தது.

“மிஸ், அந்த ஆளுக்கு எதை நிறுத்தினாங்க?” என்று கேட்டாள் கடைசி பெஞ்சுப் பிள்ளை.

என்னிடம் பதில் இல்லை. அவன் பிறந்தபோதே ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். வாசலுக்கு உள்ளே நிற்பவனை வாசலில் தடுக்க முடியாது. இருவர் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கைக்குக் காத்திருப்பு ஒருத்திக்கு மட்டும். அவளுக்குச் சுவிசேஷத்தைக் கற்றுக்கொடுத்தவனே அவளுக்குத் தடையாகவும் இருந்தான். அந்தத் தடை நீங்க அவன் சாக வேண்டியிருந்தது.

சுவார்ட்ஸைக் கொடியவராகக் காட்டுவது என் நோக்கமில்லை. தம் காலத்து ஒழுங்கை அவர் நேர்மையாகவே கடைப்பிடித்தார். 1785இல் அவள் கட்டிய கோயிலைப் பிரதிஷ்டை செய்ததும் அவர்தான். என் சிக்கல் அந்த ஒழுங்கோடு. ஏனென்றால் அவர் கையிலிருந்த வேதபுத்தகத்திலேயே இதற்கு நேரெதிரான காட்சி ஒன்று இருக்கிறது.

யோவான் நான்காம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சமாரியப் பெண் ஒருத்தி உச்சிவெயிலில் தண்ணீர் எடுக்க வருகிறாள். ஐந்து கணவர்கள் இருந்தவள். இப்போது கூட வாழ்கிறவன் கணவனில்லை. குளோரிந்தாவின் நிலைமை அப்படியே. அது தெரிந்திருந்தும் இயேசு பேச்சை முறிக்கவில்லை. தொழுகை பற்றி அவள்தான் கேட்கிறாள்: எங்கள் மலையிலா, எருசலேமிலா? மலையும் வேண்டாம், எருசலேமும் வேண்டாம், இடத்தில் ஒன்றுமில்லை என்று பதில் வருகிறது. ஆராதனை பற்றிய பிரசங்கங்களெல்லாம் திரும்பத் திரும்ப எடுத்தாளும் இந்தப் போதனை முதலில் சொல்லப்பட்டது ஒரு ‘சரியில்லாத’ பெண்ணிடம். முதலில் அவனை விட்டு வா, பிறகு சொல்கிறேன் என்ற நிபந்தனை இல்லை. அவள் குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடிச் செய்தி சொல்கிறாள். ஊர் நம்புகிறது.

மாதவையாவும் இந்த இடத்தைத் தவறவிட்டார் என்றே நினைக்கிறேன். ‘முத்துமீனாட்சி’யில் விதவையின் வலியை எழுதியவர் அவர், அந்தக் கை இங்கேயும் நடுங்கவில்லை. ஆனால் நாவலின் பெரும்பகுதி தஞ்சாவூரிலேயே நடக்கிறது. நெருப்பும் மீட்பும் காதலும் அவருக்குப் பிடித்துப்போகின்றன. மீட்பவன் குதிரையில் வரும்போது பெண்ணின் பேச்சு கேட்காமல் போய்விடுகிறது. சதி பற்றிய காலனிய எழுத்துகளில் நடந்ததாகக் காயத்ரி ஸ்பிவாக் காட்டியதும் இதைத்தான். எனக்கு வேண்டியது, மறுக்கப்பட்ட அந்த ஆண்டுகள். ஞானஸ்நானம் இல்லை, நற்கருணை இல்லை, சபை இல்லை. பிராமண வீடும் இனித் திறக்காது. அப்போது அவள் எப்படி ஜெபித்தாள், எந்த மொழியில்? அதை எழுத ஒரு நாவலாசிரியருக்கு எவ்வளவு இடம் இருந்தது!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவள் கட்டிய கோயிலுக்கு ஊர் வைத்த பெயர் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’. ஞானஸ்நானத்தில் கோகிலா என்ற பெயர் போய்க் குளோரிந்தா வந்தது என்கிறார்கள். சாதி போகவில்லை. அதே பதிவேட்டில் பல சாதிப் பெண்கள் இருக்கிறார்கள். கல் வைத்துக் கோயில் கட்டப் பணமோ, சுவார்ட்ஸ் ஐயருக்குச் சொல்லியனுப்பச் செல்வாக்கோ அவர்களுக்கு இருந்திருக்காது. அவர்களில் ஒருத்தியையாவது பெயர் சொல்லி நாம் கொண்டாடியதில்லை, பெண்ணியம் பேசும் நானும்தான். முதல் பெயர் முதலில் நிற்பதற்குப் பக்தி மட்டுமே காரணமில்லை.

தச்சநல்லூரில் எங்கள் எதிர்வீட்டு அக்கா வியாழக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடத்துகிறார். பதினைந்து இருபது பெண்கள் கூடுவார்கள். பீடி சுற்றும் கை, ஆஸ்பத்திரிச் சீட்டோடு வரும் கை, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு அவர் ஜெபிப்பார். கடன், குடிகாரப் புருஷன், மகளின் சுகமில்லாத கர்ப்பம் என எதுவும் விடுபடாது. யாருக்கு முறைப்படி தாலி ஏறியிருக்கிறது என்று அவர் விசாரித்து நான் பார்த்ததில்லை. நான் அந்த விசுவாசத்தில் பிறந்தவளில்லை. ஆனாலும் என் அம்மா ஐசியூவில் கிடந்த வாரம் அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். உனக்கு நம்பிக்கை உண்டா என்று அவர் கேட்கவில்லை.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானது. அதன் முதல் பெண் பேராயராகப் புஷ்பா லலிதா நந்தியால் பேராயத்தில் பொறுப்பேற்றது 2013இல். அறுபத்தாறு ஆண்டுகள். அக்காவிடம் இதைச் சொன்னேன். “அப்படியா? பொம்பளையா?” என்று சிரித்தார்.

போன அசனப் பண்டிகைக்கு என்னையும் கூட்டிப் போனார். ஆராதனைக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுப் பீடத்துக்கு ஏறி, துணி விரித்து, பூச்சாடியைத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தார். மணி அடித்ததும் இறங்கிவந்து என் பக்கத்தில், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துகொண்டார். ஜெபத்தை ஐயர் தொடங்கினார். அக்காவின் உதடுகள் அதற்கு முன்பே அசையத் தொடங்கியிருந்தன.