தந்தையின் கனவும் மகளின் தெரிவும்

2016இல் வெளிவந்த ‘தங்கல்’ என்னும் இந்தித் திரைப்படம் பெண்ணை மல்யுத்தக் களத்தில் இறக்கியது. தந்தையின் கனவிலிருந்து அவளை வெளியேற விடவில்லை. அவர் கற்பித்த முறையைக் கைவிட்டதும் கீதா தோற்கிறாள். அதற்குத் திரும்பியதும் வெல்கிறாள். இறுதிப் போட்டியிலே தந்தை அருகில் இல்லாதபோதும் அவர் வாக்கே அவளை வெல்லவைக்கிறது. இதுவா பெண் விடுதலை?

கீதாவின் தங்கை ரீத்து போகத் 2017இல், 23 வயதுக்குட்பட்டோருக்கான உலக மல்யுத்தப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். 2019இல் அவர் குத்தும் உதையும் பிடியும் கலந்த தொழில்முறைச் சமருக்கு மாறினார். பீஜிங்கில் நடந்த முதற் போட்டியில் வென்றார். 2021இல், சிங்கப்பூர் இறுதிப் போட்டியில், தாய்லாந்து வீராங்கனை ஸ்டாம்பின் கைப்பூட்டில் சிக்கித் தோற்றார். எனினும் அத்தோல்வி அவரே தெரிந்த பாதையில் வந்தது.

பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பெற்றோரே தீர்மானிக்கும் வீடுகள் ஆலையடிவேம்பிலும் உண்டு. அங்குள்ள பெண்பிள்ளைகளுக்குப் பதக்கக் கதையைவிட இந்தத் தோல்விக் கதையே தேவை. நம் கலைஞர்கள் அதை என்று சொல்வார்கள்?